நூற்றில் ஒன்று

ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை உலகமெங்கும் கூட்டுறவு நாள். அதையொட்டி நம் சிக்கனக் கடன் சங்கத்தின் அங்கத்தவர்களும், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளும் ஒன்றாக வழிபாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலை பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்தவர்களும் இருக்கிறீர்கள். சங்கத்தின் தான தருமத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் ஒருமுறை வாசியுங்கள். எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 52 நாளில் முடிந்த வேலை அது. பக்தி உச்சத்தில் இருக்கிற நேரம். அப்போதுதான் சனங்களிடமிருந்து கூக்குரல் எழும்புகிறது. மதிலுக்கு வெளியே நிற்கிற எதிரியைப் பற்றிய முறைப்பாடு அல்ல, சொந்தச் சகோதரரைப் பற்றியது. பெண்களும் சேர்ந்து முறையிட்டார்கள். பிள்ளைகள் அதிகம், சாப்பிடத் தானியம் இல்லை என்றார்கள் சிலர். பஞ்சத்துக்கு வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம் என்றார்கள் வேறு சிலர். ராஜாவுக்கு வரி கட்டக் கடன்பட்டோம், எங்கள் பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமையாய்ப் போய்விட்டார்கள், மீட்க வழியில்லை என்றார்கள் இன்னும் சிலர்.

நெகேமியாவுக்குக் கடும் கோபம். ஆனாலும் உடனே வாய் திறக்கவில்லை. யோசித்தார். பிறகு பிரபுக்களையும் அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு பெரிய சபையைக் கூட்டினார். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்தவர்கள்தான் என்று அந்தச் சபையிலே சொன்னார். அடகு பிடித்த நிலங்களையும் வீடுகளையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பணத்திலும் தானியத்திலும் திராட்சை ரசத்திலும் எண்ணெயிலும் வாங்கிவந்த நூற்றில் ஒன்றையும் திருப்பச் சொன்னார். அது மாதவட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 12 வீதம். நம் ஊரில் இந்த வட்டிக்குக் கடன் கிடைத்தால் சலுகைக் கடன் என்று சந்தோஷப்படுவோம்! அதைத்தான் அவர் திருப்பச் சொன்னார். ஏழைகளுக்கு ஒருநாள் அன்னதானம் வையுங்கள், பாவம் கரையும் என்று சொல்லியிருக்கலாம். பிரபுக்களுக்கு அது சுலபமாகவும் இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இந்த அதிகாரத்தை ஊவாவில் வாசிப்பவர்களுக்கு வியாக்கியானம் தேவைப்படாது. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து வந்த வழிச்செலவே அவர்கள் தலையில் கடனாக ஏறியது. துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கூட்டத்தின் கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கு ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. ஒரு தோட்டத்துக் கடன் அடுத்த தோட்டத்துக்குக் கைமாறும், கடனோடு மனிதர்களும் கைமாறுவார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. சட்டம் ஒழித்ததே தவிர, முன்கூட்டியே வாங்கி உழைத்துக் கழிக்கிற வாழ்க்கை ஒழியவில்லை. தீபாவளி முற்பணம் வருகிறது, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில், 1,350 ஆனது 2024 செப்டம்பரில். அதற்காக எத்தனை வருஷம் சத்தம் போட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். செக்ரோல் பார்த்துச் சம்பளச் சீட்டு எழுதி முடிக்கையில், வெட்டுகிற பக்கம்தான் நீளமாக இருக்கிறது.

மிச்சத்துக்கு வருகிறது குழுக் கடன். லயத்து வாசலில் பத்துப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக் கிழமைக்கு ஒருமுறை வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும், கட்டும்வரை யாரும் எழும்பக்கூடாது. மோட்டார் சைக்கிளில் வருகிற தம்பி குரலை உயர்த்துகிறான், நாலு பேர் பார்க்கப் பேசுகிறான். 2018இல் அரசாங்கம் வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்து, வட்டிக்கும் 35 வீத எல்லை போட்டது. எல்லையே 35 என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். நான் திட்டமாட்டேன். அவனும் ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இருப்பான், ஏ.எல். வரை படித்திருப்பான். மாத இலக்கை எட்டாவிட்டால் அவனுக்குக் கொமிஷன் இல்லை, பெற்றோலுக்கு இல்லை, ஆறு மாதம் போனால் வேலையும் இல்லை. அவன் வாயில் வருகிற கடுஞ்சொல் அவனுடைய நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நெகேமியாவும் இதைக் கவனித்திருக்கிறார். தனக்கு முன்பிருந்த ஆளுநர்கள் சனங்களிடம் அப்பமும் ரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள், அவர்களுடைய வேலைக்காரரும் சனங்களை அதட்டி ஆண்டார்கள் என்று எழுதுகிறார். எஜமான் எப்படியோ அப்படியே வேலைக்காரன். தானோ ஆளுநருக்குரிய படியை 12 வருஷம் தொடவில்லை. தன் ஆட்களையும் மதில் வேலைக்கே அனுப்பினார்.

ஆகவே வங்கி நடத்துகிற கிறிஸ்தவர்களே, கடன் வாங்கியவளை எப்படி நடத்துகிறோம் என்பதும், கடன் வசூலிக்கிற பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பதும் இரண்டு காரியம் அல்ல.

கூட்டுறவுக் கடனுக்கு ஜெர்மனியில் வழி போட்டவர்களில் ஒருவர் ரைஃபைசன். கிராமங்களுக்கு மேயராக இருந்த கிறிஸ்தவ பக்தர். 1846-47 பஞ்சத்தில் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். 1854இல் ஹெடஸ்டோர்ஃபில் ஒரு தருமச் சங்கம் வைத்தார். அது நிலைக்கவில்லை. கொடுப்பவர்கள் களைத்துப்போனார்கள். 1864இல் அதையே கடன் சங்கமாக மாற்றினார். கடன் வாங்குகிறவனே அங்கத்தவன், அவனே பொறுப்பாளி. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கெழுதுகிறவருக்கு மட்டும் உண்டு. உழைக்கிறவனுக்குக் கூலி, தலைமை தாங்குகிறவனுக்குப் பொறுப்பு. நாம் பல இடங்களில் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். ரைஃபைசனின் அந்த வழிதான் மெட்ராஸ் மாகாணத்தில் நிக்கல்சன் என்ற அதிகாரியின் அறிக்கை மூலம் 1904இன் இந்தியச் சட்டமாகவும், 1911இல் இலங்கைச் சட்டமாகவும் வந்து சேர்ந்தது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் இந்தியாவின் சோட்டா நாக்பூர். தேயிலைக்கு ஆள் பிடித்து அசாமுக்கு ஏற்றிய ஊர்கள் அவை. முண்டா மக்கள் வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். ஹாஃப்மன் என்ற இயேசுசபைக் குருவானவர் முதலில் நிலச் சட்டத்துக்காக உழைத்தார், அது 1908இல் வந்தது. அடுத்த ஆண்டு, 1909இல், கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். இந்த வரிசையைக் கவனியுங்கள். நிலத்துக்குக் காவல் முதலில், கடன் பிறகு. முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன்காரர் என்று 1915இல் அவரை நாடுகடத்தினார்கள். அவர் போனபின்னும் சங்கம் நின்றது.

ஸ்பெயினில் மொண்ட்ரகோன் ஊர்க் குருவானவர் அரிஸ்மெண்டியாரியெட்டாவின் தூண்டுதலால் 1959இல் தொழிலாளர் வங்கி ஒன்று பிறந்தது. அங்கே கூட்டுறவுகளில் ஆரம்பத்தில் ஒரு விதி இருந்தது. மிக உயர்ந்த சம்பளம் மிகக் குறைந்த சம்பளத்தின் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. நம் நிறுவனங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சபை நிறுவனங்களில் ஒரு தந்திரம் உண்டு. இது ஊழியம், காசுக்காகச் செய்கிற வேலை அல்ல என்று சொல்லிக் குறைந்த சம்பளத்தைப் பரிசுத்தமாக்கிவிடுவோம். கணினி முன் உட்காருகிற பெண்பிள்ளையைப் பயிற்சி என்று மாதக்கணக்கில் வெறும் பஸ் காசுக்கு வைத்திருப்போம். கூட்டுகிற அம்மாவையும் காவல்கார ஐயாவையும் கொந்தராத்துக்காரன் தலையில் கட்டிவிடுவோம், அவர்களுக்கு ஈ.பி.எஃப். கட்டவேண்டியது நம் பாடில்லை என்று. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம்: இது சட்டம். வயலறுத்தவனின் பிடித்து வைத்த கூலி கடவுளின் காதுவரை கூப்பிடுகிறது என்று யாக்கோபு எச்சரித்தது தோட்டத் துரைமாருக்கு மட்டும் என்று நினைக்கிறீர்களா?

இப்போது தானத்துக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றைக்கு அரிசியும் பாயும் துணியும் கொண்டு ஓடியவர்கள் செய்தது கிறிஸ்துவின் வேலை. அந்த நேரத்தில் கொள்கை பேசுகிறவன் மூடன். ஆனால் அந்த மக்களை அங்கிருந்து இடம் மாற்றவேண்டும் என்று 2005இலேயே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான ஒரு துண்டு நிலமும் வீடும் அவர்களுக்கு உரிமையாகப் போய்ச் சேர்ந்திருந்தால், பின்னால் நாம் லொறி லொறியாக அனுப்பிய நிவாரணத்துக்கு வேலையே இருந்திருக்காது.

பதுளை மறைமாவட்டம் 1972இல் உண்டானபோது, ஆயர் லியோ நாணயக்கார கண்டி என்ற பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தானே தெரிந்துகொண்டு வந்தார். குருமாணவர்களை ஏழைகள் நடுவே வாழ்ந்து படிக்கச் சொன்னார். நான் சொல்கிற தானம் இந்த வகை. முதலில் தன் இருக்கையைக் கொடுத்தவருக்கு, அதற்குப் பிறகு மற்றதைக் கொடுப்பது பெரிய காரியமில்லை.

1912இன் இந்தியக் கூட்டுறவுச் சட்டத்தில் ஒரு பிரிவு எனக்குப் பிடிக்கும். நிகர இலாபத்தில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கு நிதியில் போட்டபிறகே, மிச்சத்தில் 10 வீதத்துக்கு மேற்படாமல் தருமத்துக்குக் கொடுக்கலாம், அதுவும் பதிவாளரின் அனுமதியோடு. சட்டம் எழுதியவர்கள் தருமத்துக்கு எதிரிகள் அல்ல. அங்கத்தவரின் சேமிப்பை எடுத்து மேடையில் பெயர் வாங்குகிற ஆசையை அவர்கள் அறிந்திருந்தார்கள், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்முடைய உபவிதிகளில் இதைவிடக் கடுமையாக எழுத யார் தடுத்தார்கள்?

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. புலமைப்பரிசிலுக்கு இவ்வளவு, கிறிஸ்துமஸ் பொதிக்கு இவ்வளவு, முதியோர் இல்லத்துக்கு இவ்வளவு என்று செயலாளர் நன்கொடைப் பட்டியலை வாசிப்பார். கைதட்டத் தோன்றும். கைதட்டுமுன் ஒருவராவது எழும்பி நில்லுங்கள். சம்பளப் பட்டியலையும், கூட்டுகிற அம்மாவின் ஈ.பி.எஃப். இலக்கத்தையும், வசூலுக்குப் போகிற பிள்ளைகளின் இலக்குத் தாளையும் முதலில் வாசியுங்கள் என்று கேளுங்கள்.