தேர்வில் கண்டிப்பு, காலத்தில் தாராளம்

வேலையில் இருந்துகொண்டே கணினி அறிவியல் படிக்க நினைப்பவருக்கு இன்று வழிகளுக்குக் குறைவில்லை. இக்னோவின் பிசிஏ, எம்சிஏ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பிசிஏ, சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டம் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் ஒன்றைப் பொறுக்கும்போது பெரும்பாலோர் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: கல்லூரியின் பெயர், கட்டணம், பாடத்திட்டத்தில் ஏஐ, டேட்டா சயின்ஸ் போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்பது. பிளஸ் டூ முடித்த பையனுக்கு இந்த அளவுகோல் ஓரளவு சரி. அவனுக்கு நேரம் உண்டு, வேலை இனிமேல்தான். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு வேலை உண்டு, நேரம்தான் இல்லை. அளவுகோலும் மாறத்தான் வேண்டும். தேர்வில் கண்டிப்பாகவும் காலத்தில் தாராளமாகவும் இருக்கும் படிப்பே அவருக்கு ஏற்றது என்பது என் கட்சி.

அதற்கு முன் அங்கீகாரத்தை மட்டும் ஒரு முறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். உரிய அனுமதியின்றி நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் பலர் அடிபட்டார்கள். 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களுக்குத் தனித் தேர்வு எழுதிப் பட்டத்தை மீட்கும் வாய்ப்பாவது கிடைத்தது. பின்னால் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே தொலைநிலை பி.டெக். என்று யார் விற்றாலும் வாங்கக் கூடாது. யுஜிசி அனுமதித்த தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. சேரும் படிப்புக்கு, சேரும் ஆண்டில் அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசி தளத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி கண்டிப்பு ஏன் என்பதற்கு வருவோம். மொழிகளையும் கருவிகளையும் வேலையே கற்றுக்கொடுத்துவிடும். அது கற்றுக்கொடுக்காதவை தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயங்குதளத்தின் உட்புறம் போன்றவை. இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களில் பொதுவான பெயர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் லூப் போட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், தலா 10,000 பெயர்களுக்கு 10 கோடி ஒப்பீடுகள் ஆகும். ஒரு கணினி இதை ஒரு நொடியில் முடிக்கிறது என்றால், பட்டியல்கள் தலா 10 லட்சமாகும்போது ஒப்பீடுகள் 1 லட்சம் கோடியாகி, அதே கணினிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு பட்டியலை வரிசைப்படுத்திக்கொண்டு பைனரி தேடலில் தேடினால் பெயர் ஒன்றுக்குச் சுமார் 20 ஒப்பீடுகள்தான். வரிசைப்படுத்தும் செலவையும் சேர்த்து 4 கோடி அளவில் வேலை முடிந்துவிடும். பத்து ஆண்டு அனுபவசாலிகூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே காலம் தள்ளிவிட முடியும், புரோகிராம் மெதுவானால் பெரிய சர்வர் கேட்டு வாங்கிக்கொண்டு. அவரை உட்காரவைத்து இந்தக் கணக்கைக் கேட்கும் படிப்புக்குத்தான் அவர் பணம் கட்ட வேண்டும்.

இதெல்லாம் என்பிடெலில் இலவசமாகக் கிடைக்கிறதே, பட்டம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003 முதல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிவரும் அந்தப் பாடங்களின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலவச இணையப் பாடங்களில் பதிவு செய்பவர்களில் பெரும்பகுதியினர் கடைசிவரை வருவதில்லை என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஆர்வம் முதல் மாதத்தோடு தீர்ந்துபோகிறது; பிறகு இழுத்துச் செல்ல தேர்வுத் தேதி வேண்டியிருக்கிறது. சென்னை ஐஐடி பட்டத்தின் வழக்கமான நுழைவுக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வார ஒப்படைப்புகளை முடித்து, நேரில் சென்று தகுதித் தேர்வு எழுத வேண்டும். சேர்வதற்கு முன்பே, தன் வாழ்க்கையில் இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறதா என்று ஒருவர் சோதித்துக்கொள்ள அந்த நான்கு வாரங்களே போதும்.

கண்டிப்பு மட்டும் இருந்தால் வேலையில் இருப்பவர் முறிந்துபோவார். குழந்தைக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், ஆன்சைட் போகச் சொல்லலாம், மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் இரவெல்லாம் போகலாம். அதனால்தான் காலத்தில் தாராளம் வேண்டும் என்கிறேன். இக்னோ பிசிஏவுக்கு மூன்றாண்டு குறைந்தபட்சம், ஆறாண்டுவரை அவகாசம் உண்டு. சென்னை ஐஐடியில் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று படிப்படியாக வெளியேறலாம். ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடங்களோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். பாடம் ஒன்றுக்கு வாரம் பத்து மணி நேரம் தேவை என்றால் நான்கு பாடத்துக்கு நாற்பது மணி. அது இன்னொரு முழுநேர வேலை. சீக்கிரம் முடிந்தால்தானே சம்பளம் உயரும் என்பார்கள். நான்கு பாடம் எடுத்து இரண்டில் தோற்றவரைவிட, இரண்டை எடுத்து இரண்டையும் தேறியவர் எந்த வகையிலும் பின்தங்கியவர் இல்லை, கட்டணமும் மிச்சம்.

புரோகிராமை ஏஐ எழுதித் தரும் காலத்தில் இவ்வளவு சிரமம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. லூப்புக்குள் லூப் போட்டதை ஏஐயும் தரக்கூடும். 100 பெயர்கள் கொண்ட சோதனைப் பட்டியலில் அது பழுதில்லாமல் ஓடும். 10 லட்சம் பெயர்களுக்கு ஓடாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவருக்குத்தான் இனிச் சம்பளம். எழுதும் வேலை மலிவாக மலிவாக, எடைபோடும் அறிவின் விலை ஏறும்.

ஆகவே கட்டணம் கட்டுமுன் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டைத் தேடிப் படிக்கலாம்: சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்கள், இடைநிறுத்தம், மறுதேர்வு பற்றிய விதிகள். வினாத்தாளைப் பார்த்ததும் ஒரு வாரம் மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்று தோன்றினால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தப் படிப்பு வேண்டாம். ஒரு பருவம் தவறினால் எல்லாம் போச்சு என்று விதி சொன்னால், எவ்வளவு நல்ல பாடமாக இருந்தாலும் அதுவும் வேண்டாம்.