கட்டாயத்தில் பெற்ற சம்மதம் செல்லுமா?



திருமணத்துக்கு வரும் மணமக்களைப் பார்த்து, எவருடைய வற்புறுத்தலுமின்றி மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று குரு கேட்பதை நீங்கள் அறிவீர்கள். பயமுறுத்திப் பெற்ற சம்மதத்தால் திருமணம் ஆகாது என்பது திருச்சபைச் சட்டம். பதிவேட்டில் கையொப்பம் இருக்கலாம், சாட்சிகள் நின்றிருக்கலாம், விருந்தும் நடந்திருக்கலாம். ஆனால் அங்கே திருமணம் இல்லை. இருவருக்குப் பொருந்தும் இந்த நியதி ஒரு மக்கள் சமுதாயத்துக்குப் பொருந்தாதா?

கிழக்குத் தீமோரின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1975 டிசெம்பர் 7-ந் திகதி இந்தோனேசியப் படைகள் அந்நாட்டினுள் புகுந்தன. 1976 யூலை 17-ந் திகதி அது இந்தோனேசியாவின் 27-வது மாகாணம் எனச் சட்டமாக்கப்பட்டது. இவ்விணைப்பு சட்டப்படி சரியானதே என்று காட்ட நான்கு நியாயங்கள் பரப்பப்பட்டன. இதே நியாயங்கள் வேறு நாடுகளைப் பற்றி இன்றும் நம் காதில் விழுவதால், ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பது நன்று.

முதலாவது: அது போர்த்துக்கேயர் கைவிட்டுப் போன நாடு என்பது. 1975 ஓகஸ்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது போர்த்துக்கேய ஆளுநர் தலைநகர் டிலியை விட்டு அத்தாவுரோ தீவுக்குச் சென்றது மெய்யே. ஆனால் குத்தகைக்காரன் போய்விட்டான் என்பதற்காகக் காணி அயல் வீட்டுக்காரனுக்குச் சொந்தமாகிவிடாது. குடியேற்ற நாடுகளின் மக்கள் தங்கள் நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுடையோர் என ஐ. நா. பொதுச்சபை 1960-ம் ஆண்டிலேயே பிரகடனம் செய்துவிட்டது.

இரண்டாவது: மக்களே கேட்டுக்கொண்டார்கள் என்பது. இதற்குக் காட்டப்பட்ட சான்றுகள் இரண்டு. ஒன்று, 1975 நவம்பர் 30-ந் திகதியிட்ட பாலிபோ பிரகடனம். பாலிபோ தீமோரிலுள்ள ஓர் ஊர். பிரகடனம் கையொப்பமானதோ இந்தோனேசியாவின் பாலித் தீவில். இந்தோனேசிய மொழியில் 'போகோங்' என்றால் பொய். எனவே தீமோரின் தலைவர் சனானா குஸ்மாவோ அதனைப் 'பாலிபோகோங்' பிரகடனம் என்றார். மற்றது, 1976 மே 31-ந் திகதி டிலியில், இராணுவத்தின் பிடிக்குள் கூட்டப்பட்ட மக்கள் மன்றம். நாடு முழுவதும் பொதுவாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. ஐ. நா. பொதுச்சபை அவ்வாண்டு டிசெம்பர் 1-ந் திகதி அந்த இணைப்பை நிராகரித்தது.

மூன்றாவது: பிற நாடு அங்கீகரித்துவிட்டது, உலக நீதிமன்றமும் வழக்கைத் தள்ளிவிட்டது என்பது. அவுஸ்திரேலியா அங்கீகரித்தது உண்மை. 1989-ல் அதே அவுஸ்திரேலியா தீமோர்க் கடலடி எண்ணெயைப் பங்கிட இந்தோனேசியாவோடு ஒப்பந்தம் செய்ததும் உண்மை. கள்ள உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவனே காணியில் பங்கும் பெற்றால் அச்சாட்சியின் பெறுமதி என்ன? அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் போர்த்துக்கல் தொடுத்த வழக்கில், இந்தோனேசியா வழக்காளியாக இல்லாதபடியால் தீர்ப்பளிக்க முடியாது என்று 1995-ல் நீதிமன்றம் கூறியது. ஆனால் தீமோர் மக்களின் சுயநிர்ணய உரிமை அழியவில்லை என்பதையும் அதே தீர்ப்பில் கூறியது. முதற் பாதியைச் சொல்லி மறு பாதியை விழுங்குவோரிடம் எச்சரிக்கையாயிருங்கள். பாதி உண்மையே பொய்களுள் கெட்டிக்காரப் பொய்.

நான்காவது: காலம் கடந்துவிட்டது, வீதிகளும் பாடசாலைகளும் கட்டியாயிற்று என்பது. நமது நாட்டுச் சட்டத்திலும் பத்து வருடம் காணியை ஆண்டவனுக்கு உரித்து வருமே என நீங்கள் கேட்கலாம். அது எதிர்ப்பும் இடையூறுமின்றி ஆண்டவனுக்கே. தீமோர் மக்களோ வாளாவிருக்கவில்லை. 1991 நவம்பர் 12-ந் திகதி, பூசை கண்டு சாந்தா குரூஸ் சேமக்காலைக்கு ஊர்வலமாய்ச் சென்றவர்கள் சுடப்பட்டார்கள். 1974 முதல் 1999 வரை கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டோர் குறைந்தது 1,02,800 பேர் என அந்நாட்டு உண்மை ஆணைக்குழு கணித்தது. வீதி கட்டியதால் இந்தப் பழி நீங்காது. அநீதியிலிருந்து உரிமை பிறவாது என்பது பழைய உரோமச் சட்ட வாக்கு.

பரிசுத்த ஆசனம் டிலி மறைமாவட்டத்தை இந்தோனேசிய ஆயர் பேரவையோடு சேர்க்காமல் தன் நேரடி ஆளுகையில் வைத்திருந்தது. 1989-ல் அதனைப் பரிபாலித்த ஆயர், மக்களிடமே கேளுங்கள் என ஐ. நா. செயலாளர் நாயகத்துக்கு எழுதினார். 1999 ஓகஸ்ட் 30-ந் திகதி கேட்டார்கள். இந்தோனேசியாவுக்குள் சுயாட்சி வேண்டாம் என 78.5 வீதமானோர் வாக்களித்தனர். 24 ஆண்டுகள் சொல்லப்பட்ட பொய் ஒரே நாளில் உதிர்ந்தது.

இதைப் படித்து எவரும் இந்தோனேசிய மக்களை வெறுக்க வேண்டாம். வாக்கெடுப்பின் பின் வன்செயல் வெடித்தபோது, சுவாய் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்களோடு மூன்று குருக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான தார்சீசியுஸ் தேவாந்தோ, யாவாவில் பிறந்த யேசு சபைக் குரு; அபிஷேகம் பெற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. உண்மைக்கு இனம் இல்லை என்பதை அவர் இரத்தத்தால் எழுதினார்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் அரச முத்திரையோடும் இரண்டு சாட்சிகளோடுந்தான் பறிக்கப்பட்டது. முத்திரையைக் கண்டு ஊர்ப் பெரியோர் வாய்மூடினர், எலியாஸ் வாய்மூடவில்லை. ஒரு நாடு மனம் விரும்பி இணைந்தது என்று யாராவது சொன்னால், கையொப்பமிட்டவன் யார், அப்போது அவன் பக்கத்தில் துப்பாக்கி இருந்ததா என்று கேளுங்கள். கேளாமல் அச்செய்தியை அயலவனுக்குச் சொன்னால், எட்டாம் கட்டளையை மீறிய பொய்ச்சாட்சிகளுள் நாமும் ஒருவராவோம்.