விசா போட்டவங்களுக்கு நாம எவ்வளவு கடன்?



அமெரிக்காவில் எச்1பி விசாவில் கன்சல்டன்ட்டாக இருக்கும் நம்ம பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது சம்பளத்தைப் பற்றி இல்லை. "அண்ணா, விசா போட்டுக் கூட்டிட்டு வந்தவங்க. இப்ப வேற கம்பெனிக்கு மாறினா நன்றி கெட்டதனம் ஆயிடாதா?" இதுதான் கேள்வி.

நல்ல மனசு இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். அதனால் இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

நானும் இதே விசாவில் இருப்பவன்தான். என் மனசுக்குப் பட்டதைச் சொல்றேன். உதவி வேற, வியாபாரம் வேற. ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போய், முதல் சம்பளம் வரும்வரை தன் ரூமில் தங்க வைத்த சீனியர் செய்தது உதவி. அவர் பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனி செய்தது வியாபாரம். நம்ம ஒரு மணி நேர வேலைக்குக் கிளையன்ட் ஒரு தொகை கொடுக்குது. அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனி நமக்குச் சம்பளமாகத் தருது. இதில் தப்பே இல்லை. ஆனா அந்தக் கணக்கு மாசா மாசம் தீர்ந்துக்கிட்டே இருக்கு.

அப்போ கம்பெனிக்கு நாம எதுவுமே தர வேண்டாமா? தரணும். உண்மையான உழைப்பு, ஒப்புக்கொண்ட நோட்டீஸ், கிளையன்ட் தடுமாறாத அளவுக்கு முழுசா கே.டி. இதையெல்லாம் செய்யாம ராத்திரியோட ராத்திரியா கிளம்புறதுதான் நன்றி கெட்டதனம்.

ஆனா இரண்டு விஷயம் இந்தக் கணக்கில் வராது.

ஒன்று, பொய். 3 வருஷ அனுபவத்தை ரெஸ்யூமேயில் 8 வருஷமாகப் போடச் சொன்னால், "விசா போட்டாங்களே" என்று தலையாட்டக் கூடாது. அந்தப் பொய் நாளைக்கு கிரீன் கார்டு மனுவுக்குள் போனால், அந்த நாட்டுக்குள் நுழையவே நிரந்தரத் தடை வரலாம். அதைவிடப் பெரிய விஷயம், அதே இன்டர்வியூவில் உண்மையைச் சொன்ன இன்னொருத்தர் வேலையை நாம பறிக்கிறோம். அவரும் நம்மள மாதிரி விசாவில் இருக்கிறவராக இருக்கலாம்.

இரண்டு, மௌனம். பிராஜெக்ட் இல்லை என்று கம்பெனி நம்மை பெஞ்சில் உட்கார வைத்தாலும் சம்பளம் கொடுத்தே ஆகணும், அது சட்டம். கொடுக்கலைன்னா 12 மாசத்துக்குள் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். நாம வாயை மூடிக்கிட்டா, அடுத்து வர்ற பையனுக்கும் அதே கதிதான்.

உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "இன்னைக்கே கிரீன் கார்டு கையில் இருந்தா, இந்தக் கம்பெனியிலேயே இருப்பேனா?" ஆமான்னா தாராளமா இருங்க. இல்லைன்னா, உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறது நன்றி இல்லை, பயம்.

பயத்துக்கு மருந்து விவரம் தெரிஞ்சுக்கிறதுதான். ஸ்டேட்டஸ் ஒழுங்கா இருந்தா, புது கம்பெனி மனு தாக்கல் செய்ததுமே அங்கே சேர 2000-ல் வந்த சட்டம் வழி கொடுத்திருக்கு. வேலை போனாலும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-140 அப்ரூவ் ஆகிட்டா, பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் பொதுவா உங்க வரிசைத் தேதி போகாது. சீக்கிரம் விலகினதுக்காக அபராதம் போடவும் சட்டம் அனுமதிக்கலை. நஷ்ட ஈடு என்று எழுதியிருந்தா அது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. அதனால் பாண்டில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனி வக்கீலை இல்லாம, வேற வக்கீலைக் கேளுங்க.

அப்புறம், ஆரம்பத்தில் ரூமில் இடம் கொடுத்த அந்த சீனியருக்கு இந்த வாரம் ஒரு போன் போடுங்க. கடன் பாக்கி இருக்கிறது அங்கேதான்.