பிசிறு தட்டினால் என்ன?

பகலெல்லாம் வங்கியில் கணக்கு. ராத்திரி சாப்பாடு முடிந்து, குழந்தைகள் தூங்கியதும், மூலையில் சாத்தி வைத்த கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெல்ல மீட்டுகிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

இந்த ஜாதி மனிதர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு மொட்டை மாடியில் கூடினால், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டுமே! நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா? யமஹா கீபோர்டா, கேஸியோவா? நல்ல மைக் வாங்கிவிட்டால் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் சேர்ந்து பதிவாகிறதே, என்ன பண்ணலாம்? துணி தொங்குகிற அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடினால் எதிரொலி குறையுமாமே? (நிஜம்தான், குறையும்.) கடைசியில் பேச்சு இளையராஜாவா, ரஹ்மானா என்று வந்து நிற்கும். யாரோ கீழேயிருந்து, ‘காபி ஆறுது’ என்று கூப்பிடும் வரை ஓயாது.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு நண்பர் தான் பாடிய பாட்டைப் போட்டுக் காட்டினார். அட்டகாசம். ஒரு இடத்தில்கூட சுருதி நழுவவில்லை. ‘‘நீயாடா இது?’’ என்றார்கள். ‘‘நான்தான். அங்கங்கே கொஞ்சம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணினேன்’’ என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வயதில் மூத்தவர் ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: ‘‘அப்போ பாடினது யாரு?’’

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால், கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

ஒலிப்பதிவு என்பது ஆரம்பத்தில் ஒளிவு மறைவு இல்லாத சமாசாரம். 1902-ல் கல்கத்தாவில் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கௌஹர் ஜான் பாட்டைப் பதிவு செய்தார். பெரிய குழாய்க்கு முன்னால் நின்று, ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். பாடியது நேராக மெழுகுத் தட்டில் கோடாக விழும். தப்பு வந்தால் வேறு தட்டு, மறுபடி முதலிலிருந்து! கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். ஜெர்மனியில் தட்டு தயாரிக்கிறவர்கள் லேபிள் ஒட்ட வேண்டுமே, அதற்காக. ‘பாடினது யாரு?’ என்ற கேள்விக்கு அன்று பதில் தட்டிலேயே இருந்தது.

பிறகு டேப் வந்தது. பிளேடால் வெட்டி ஒட்டலாம். கனடாவின் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964-ல், 31 வயதில், மேடைக் கச்சேரிகளை அடியோடு நிறுத்திவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார். பல தடவை வாசித்து, நல்ல பகுதிகளை எடுத்து ஒட்டுவதில் எந்தத் தவறும் இல்லை என்று வெளிப்படையாகவே வாதாடினார். 1997-ல் வந்தது ஆட்டோ ட்யூன். அதைக் கண்டுபிடித்த ஆண்டி ஹில்டப்ரண்ட் அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக பூமிக்கு அடியில் போய் வரும் அதிர்வலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குப் போட்டார். நீங்கள் பாடும் ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இருக்கும் சரியான ஸ்வரத்துக்கு அதை இழுத்து நிறுத்திவிடும். பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் இருந்த இந்த வசதி, இன்று கைபேசிக்கே வந்துவிட்டது.

நான் காமர்ஸ் படித்தவன். இந்த மாதிரி கேள்வி வந்தால் புத்தி தானாகக் கணக்குப் புத்தகத்துக்கு ஓடும். ஆடிட்டர்கள் ஒன்று சொல்வார்கள்: கணக்கு ‘உண்மையாகவும் நியாயமாகவும்’ இருக்க வேண்டும். தேய்மானத்தைக் கணக்கிடுகிற முறையை ஒரு கம்பெனி தகுந்த காரணத்தோடு மாற்றலாம். ஆனால் மாற்றியதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால்தான் வம்பு. அப்படிப் பார்த்தால், நம் நண்பர்தான் ‘சரி பண்ணினேன்’ என்று சொல்லிவிட்டாரே, பைசல் என்று மூடிவிடலாம்.

மூட முடியவில்லை. ஏன்?

சினிமாப் பாட்டை வரி வரியாகப் பதிவு செய்து சேர்க்கிறார்கள். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. அங்கே சரக்கு, பாட்டு. அது நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் நண்பர் பாடித்தான் தீர வேண்டும் என்று உலகம் காத்துக்கொண்டிருக்கவில்லை. எஸ்.பி.பி. பாடிய பாட்டு போனைத் தட்டினால் அவர் குரலிலேயே கிடைக்கிறது. பின் எதற்காக இவர் பாடுகிறார்? நம் ஊரில் அழகாகச் சொல்வார்கள்: ‘‘சும்மா ஆசைக்குப் பாடறேன் சார்.’’ ‘அமெச்சூர்’ என்கிற வார்த்தைக்கும் லத்தீனில் வேர் அதுதான். அன்பு, ஆசை.

ஆசைக்குப் பாடுகிறவனுக்கு லாபம் எங்கே வருகிறது? மேல் ஸ்வரத்தைத் தொட முடியாமல் பத்து நாள் தடுமாறி, பதினோராம் நாள் ராத்திரி தொண்டை தானாக அங்கே போய் உட்காருகிறது பாருங்கள், அங்கேதான்! அந்த வேலையை மெஷின் செய்துவிட்டால், கேட்கிற நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருடைய பதினோராம் நாள்தான் பறிபோகிறது.

‘‘அப்படியானால் கிடாரில் கட்டை வைத்திருப்பதும் மோசடிதானே? அதுதானே ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது? வயலினில் அந்த வசதி இல்லையே?’’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. வாத்தியம் என்றாலே உதவிதான். நான் கோடு போடுகிற இடம் வேறு. நம் தப்பை நமக்குக் காட்டுகிற உதவி ஒரு வகை. மறைக்கிற உதவி இன்னொரு வகை. சுருதிப் பெட்டி முதல் வகை. நீங்கள் எவ்வளவு விலகிப் போனாலும் அது தன் இடத்தில் நின்று, ‘இங்கே வா’ என்கிறது. வந்து சேர வேண்டியது நீங்கள். ஒலிப்பதிவும் அப்படி ஒரு கண்ணாடிதான். முதல் தடவை கேட்கும்போது, ‘ஐயோ, இதுவா என் குரல்?’ என்று திடுக்கிடாதவர் உண்டா? நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்பதால் கொஞ்சம் கனமாக, கம்பீரமாகத் தெரிகிறது. மைக் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. முகத்துக்குப் பவுடர் போடலாம், தப்பில்லை. கண்ணாடிக்கே பவுடர் பூசினால்?

இன்னொன்று. எது தப்பு என்பதையும் மெஷினிடம் விட்டுவிடுகிறோம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் தோடி. கறாராகத் திருத்தும்படி வைத்துவிட்டால், மெஷினுக்கு அந்த அசைவும் பிசிறுதான். தட்டி நேராக்கிவிடும்! பிசிறு எது, அழகு எது என்று பிரிக்க வேண்டியது காது. வேலை கொடுக்காத காது துருப்பிடிக்கும்.

இதை நான் சட்டமாக்க வரவில்லை. தொண்டை தளர்ந்துபோன ஒரு தாத்தா, வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்காக ஒரே ஒரு பாட்டைத் திருத்தி அனுப்பினால், அதற்கு ஆடிட் கேட்கிற பாவி யார்? அது பரிசு. தாராளமாக அனுப்பட்டும்.

என் கவலை அந்தப் பேத்தியைப் பற்றித்தான். அவள் காதில் காலை முதல் இரவு வரை விழுவது பெரும்பாலும் திருத்திய குரல்கள். டிவியில், போனில், விளம்பரத்தில் என்று எங்கும் பிசிறே இல்லாத தொண்டைகள். தன் குரலை ஒரு நாள் பதிவு செய்து கேட்கிறாள். தாத்தா பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். ‘நமக்கெல்லாம் வராது’ என்று முடிவு கட்டி வாயை மூடிக்கொள்கிறாள். தாத்தா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அவர் பாடாத பாட்டு அவளுக்கு அளவுகோல் ஆகிவிட்டது. கோலம் போடும்போதும் குளிக்கும்போதும் பாடிக்கொண்டிருந்த வீடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக வாயடைத்துப் போகின்றன.

அதனால், தாராளமாகத் திருத்துங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பழைய காலக் குமாஸ்தாக்கள் பேரேட்டில் தப்பு வந்தால் ரப்பரால் அழிக்க மாட்டார்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதி, சுருக்கக் கையெழுத்து போடுவார்கள். பழைய எண்ணும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. அதுபோல, திருத்தாத பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். வீட்டில் ஒரு குழந்தை பாடக் கூச்சப்பட்டால், அதை எடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

நீங்கள் தடுமாறுகிற இடம் வரும்போது அது சிரிக்கும். சிரித்து முடித்ததும் பாட ஆரம்பிக்கும்.