சாட்சியும் திருகாணியும்

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் வாங்கியது. அதை விற்றுவிடும்படி வீட்டில் சொல்லாத நாள் இல்லை. பழகிவிட்ட பொருளைப் பிரிய மனம் வராத குணம் எனக்கு. சென்ற மாதம் அந்த வண்டியில் ஒரு கோளாறு வந்தது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில், வேறொன்றும் நெடுநாளாகச் சரியில்லாமல் இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சர்வீஸ் முடிந்து வந்த நாள் முதல் வண்டியின் போக்கு மாறிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது நான் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமும், பிறகு தணியும், மறுபடியும் உறுமும். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 'இந்த வயதில் இவருக்கு என்ன அவசரம்!' என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். பெட்ரோலும் அதிகம் செலவாயிற்று. மெக்கானிக்கின் மேல் எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று முடிவு செய்தேன்.

கோபத்தோடு கொஞ்சம் படிக்கவும் செய்தேன். என் வண்டியில் கார்புரேட்டர் இல்லை. ஒரு சிறு கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. இது புதுமை அல்ல. 1980ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் கவாசாகி நிறுவனம் தன் 1000 சி.சி. வண்டி ஒன்றில் இந்த முறையைக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு ஏறக்குறைய எல்லாப் புது வண்டிகளும் இப்படித்தான் வருகின்றன.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகினால், காற்று வரும் குழாயில் ஒரு வட்டத் தகடு திறக்கிறது. எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்ல, தகட்டின் அச்சில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். த்ராட்டில் சென்ஸர் என்று அதற்குப் பெயர். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்குமே, அதற்குள் இருப்பது போன்ற பொருள்தான் இதற்குள்ளும் இருக்கிறது. 5 வோல்ட் மின்சாரம் இதற்குள் போகிறது. தகடு மூடியிருந்தால் ஏறக்குறைய 0.5 வோல்ட் திரும்பி வரும். முழுதும் திறந்தால் 4 வோல்ட் அளவுக்கு வரும். வண்டிக்கு வண்டி சிறிது மாறலாம். கம்ப்யூட்டர் இந்தச் சாட்சியின் சொல்லைக் கேட்டுத்தான் பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது.

மல்ட்டி மீட்டர் ஒன்றை வாங்கி நானே அளந்து பார்த்தேன். கை எடுத்த நிலையில் 0.74 காட்டியது. 'சாட்சி பொய் சொல்கிறது' என்று எனக்குத் தோன்றியது. சென்ஸர் இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. அவற்றைத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பினால் போதும், அதே சென்ஸர் 0.5 என்று சொல்லிவிடும். இதைவிட எளிய வேலை என்ன இருக்கிறது?

ஆனாலும் தவறு செய்தவனைக் கேட்காமல் விடக்கூடாது என்று வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அந்த இளைஞன் பதில் பேசவில்லை. குனிந்து, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தான்.

"சார், இந்த ஸ்டாப் ஸ்க்ரூவை யார் திருப்பினாங்க? பெயிண்ட் உடைஞ்சிருக்கே" என்றான்.

தகடு எந்த அளவோடு மூடி நிற்க வேண்டும் என்று தடுத்து நிறுத்தும் திருகாணி அது. தொழிற்சாலையிலேயே அளந்து வைத்து, யாரும் தொடாதிருக்கப் பெயிண்ட் பூசி அனுப்பியிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது, தம்பி" என்றேன்.

சொன்ன மறுகணமே நினைவு வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வண்டி சிக்னல்தோறும் அணைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தத் திருகாணியைத் திருப்பினேன். அதன் பிறகு வண்டி அணையவில்லை. என் கைத்திறமையை நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

நினைவு வந்த பிறகும் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். பிறகு, "நான்தான் திருப்பினேன்" என்றேன். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததை விளக்கினான். தகட்டின் ஓரத்தில் கரி படிந்து காற்றின் வழி அடைபட்டதால்தான் அப்போது வண்டி அணைந்தது. கரியைத் துடைத்திருக்க வேண்டும். நான் கரியை விட்டுவிட்டுத் தகட்டைத் திறந்து வைத்தேன். கரி காற்றைத் தடுத்தது. திருகாணி காற்றை விட்டது. இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஒழுங்கு போல ஓடின. இந்த முறை அவன் முறையாகக் கரியைச் சுத்தம் செய்தான். ஒரு தவறு போயிற்று. என் தவறு மட்டும் தனியே நின்று உறுமியது. சரியாக வேலை செய்தவனைத்தான் நான் திட்ட வந்திருந்தேன்.

சென்ஸர் பொய் சொல்லவில்லை. தகடு உண்மையிலேயே திறந்துதான் கிடந்தது. அந்த இடத்தில் உண்மை பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் கழுத்தைத் திருப்பத்தான் நான் முனைந்தேன். திருப்பியிருந்தால் சிக்னலில் வண்டி அமைதியாகக்கூட நின்றிருக்கும். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு அளவும் குறைவாகவே போய்ச் சேர்ந்திருக்கும். மேட்டில் ஏறும்போது வேண்டிய பெட்ரோல் கிடைக்காமல் வண்டி திணறியிருக்கும். அவன் தடுப்புத் திருகாணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். கேபிளின் இறுக்கத்தைச் சரிபார்த்தான். பிறகு மீட்டரை வைத்தான். 0.53. சென்ஸரை அவன் தொடவே இல்லை.

அப்படியானால் சென்ஸர் தவறு செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். நாளாக ஆக அதன் உட்பகுதி தேய்கிறது. இணைப்பில் ஈரம் இறங்குகிறது. அப்போது அதைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியதுதான். சாட்சியைத் திருத்துவது வேறு. சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் அதே திருகாணிதான், அதே கைதான். வேறுபாடு வரிசையில் இருக்கிறது. முதலில் தகட்டை உண்மையாக மூடவேண்டும். மூடிய பிறகும் சாட்சி மாற்றிச் சொன்னால் திருத்தலாம். மூடுவதற்கு முன்பே சாட்சியின் வாயை அடைக்கத் தேடுகிறவன் பழுது பார்க்கிறவன் அல்லன்.

மனத்துக்குள் இருந்து உறுத்தும் ஒன்றுக்கு நம் மொழியில் மனச்சாட்சி என்று பெயர். நீதிபதி என்று பெயர் வைக்கவில்லை. சாட்சி தண்டிப்பதில்லை, கண்டதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அன்று மாலை வீடு திரும்பும்போது வண்டி அமைதியாக வந்தது. நான் அமைதியாக வரவில்லை.

மதுரையில் நான் குடியிருக்கும் வீடு பாட்டனார் காலத்துச் சொத்து. தந்தையார் 1996ஆம் ஆண்டில் காலமானார். எனக்கு ஒரே தங்கை. 1991இல் மணமாகித் திண்டுக்கல் போனவள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, அப்போது மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை உண்டு. ஆனால் 1998இல் அவள் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். "நீயே வைத்துக்கொள் அண்ணா" என்று தன் வாயாலும் சொன்னாள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. அதற்கு முதல் நாள் இரவு என் தாயார் அவளிடம், "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் உனக்கு அடைந்துவிடும்" என்று சொன்னதை அடுத்த அறையிலிருந்து நான் கேட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புரண்டு படுத்துக்கொண்டேன்.

பொங்கல் சீர் அனுப்பும்போதெல்லாம் ஓர் உறுத்தல் வரும். சீரைக் கொஞ்சம் கூட்டுவேன். ஐந்நூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் ஐயாயிரமாயிற்று. என் தாராளத்தை உறவினர்கள் புகழ்ந்தார்கள். உறுத்தல் மட்டும் நிற்கவில்லை. பிறகு உறுத்தலிடமே வாதாடத் தொடங்கினேன். 'பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கிறது, அவளாகத்தான் கொடுத்தாள், உனக்கு என்ன குறை?' என்று கேட்டேன். சில ஆண்டுகளாக அது பேசாமல் இருந்தது. அதையே நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு தங்கைக்குத் தொலைபேசியில் பேசினேன். "வீட்டுக்கு மதிப்புப் போடச் சொல்லப் போகிறேன். அதில் பாதி உன்னுடையது" என்றேன்.

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு அண்ணா இந்தப் பேச்சு?" என்றாள். குரல் தழுதழுத்தது.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. 1998இல் அந்தக் கையெழுத்து எப்படி விழுந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.