வாங்கும் படியும் கொடுக்கும் படியும்

 

படியும் தராசும் பிடித்துப் பிழைப்பவர்கள் நாம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைய வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத் திருக்குர்ஆனின் 83-ம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. இதை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் சொன்னதாக எண்ணிவிடுகிறோம். மரியாதைக்கும் ஒரு படி உண்டு அன்றோ?

பிறர் நமக்கு அளக்கும்போது குறை சட்டென்று தெரிகிறது. பினாங்கில் 1801-ல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் 'கெலிங்' என்ற சொல் கௌரவமாகவே நிற்கிறது. அதையே இன்று ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னால் நெஞ்சு கொதிக்கிறது. வேலை கேட்டுப் போகும் நம் பிள்ளைகளின் தகுதியைப் பாராமல் பெயரைப் பார்க்கிறார்கள் என்று குமுறுகிறோம். குமுறல் நியாயமே. இந்நாட்டு ஆய்வாளர் இருவர் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சீனப் பெயர் கொண்டவற்றில் நூற்றுக்கு 22-க்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் கொண்டவற்றில் நூற்றுக்கு 4-க்கே வந்தது. பெயரே தராசைச் சாய்க்கும் என்பது விளங்கிற்று.

இனி நம் கடைக்குள் வருவோம். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர் கடைகள் பலவற்றில் பாத்திரம் கழுவுபவரும் மூட்டை சுமப்பவரும் பங்களாதேஷ் சகோதரர்கள். ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நின்றவரைக் கடைக்கு வந்ததும் "ஏய் பங்களா!" என்கிறோம். ஊர்ப் பையன் தாமதித்து வந்தால் "உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்கிறோம், அவர் தாமதித்தால் "இவங்களே இப்படித்தான்" என்கிறோம்.

நம் கடையிலேயே ஓர் இரவு கல்லாவில் 50 வெள்ளி குறைந்தது. முதலில் சோதித்தது பங்களாதேஷ் தம்பியின் சட்டைப் பையைத்தான். மறுநாள் சரக்குக்காரர் வந்து, தமக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகப் பணத்தைத் திருப்பித் தந்தார். கொடுத்தவன் நம் மச்சான் மகன். அவனிடம் "இனிமேல் கவனமாயிரு" என்றதோடு விட்டோம். அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு மூன்று நாள் பிடித்தது.

அவர்கள் இதற்கெல்லாம் கோபிப்பதில்லை என்பார் சிலர். பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கையில் எப்படிக் கோபிப்பார்? அந்த மௌனம் சம்மதமன்று.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவர் தாயைக் குறிப்பிட்டு ஏசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் ஒட்டியிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர் நம் சகோதரர். நாம் உண்பதையும் உடுப்பதையும் அவருக்கும் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறி வேலை சுமத்தக்கூடாது என்றும் போதித்தார்கள். அத்தகைய தோழரிடமே அக்குணம் ஒட்டியிருந்ததென்றால் நாம் எம்மாத்திரம்?

திருத்தப்பட்ட வேலைச் சட்டப்படி, 2023 ஜனவரி முதல் வேலையிடப் பாகுபாடு பற்றித் தொழில் இலாகாவில் புகார் செய்ய வழியுண்டு. ஆனால் "ஏய்" என்று கூப்பிட்டதற்கு எவர் புகார் எழுதுவார்? அதையும் எழுதும் மலக்குகள் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

பிறரிடம் நியாயம் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. கேட்கும் அதே படியால் கொடுத்துவிட்டுக் கேட்போம். நாளைக் காலை கடை திறந்ததும் அந்தச் சகோதரரை அவர் பெற்றோர் வைத்த பெயரால் அழைப்போம். வல்ல அல்லாஹ் நம் தராசுகளை நேராக்கி வைப்பானாக! ஆமீன்.