எதிர்த்தரப்பு வக்காலத்து

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு 'மாதிரி நீதிமன்றம்' கட்டாயப் பயிற்சி. ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு அணியாக வாதாடுவார்கள். ஆசிரியரோ மூத்த வக்கீலோ நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார். அப்படி ஓர் அணியைத் தயார்செய்ய முதன்முதலாக வருகிறவர், பெரும்பாலும் தானே வாதத்தை எழுதிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைப்பார். பிள்ளைகளும் மளமளவென்று ஒப்பிப்பார்கள். நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் திருதிருவென்று விழிப்பார்கள்.

அதைவிட நல்ல வழி, அவர்களுக்குப் பிடிக்காத தரப்பைக் கொடுத்துவிடுவது.

அலங்காநல்லூர்ப் பையன் ஒருவன் அணியில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு, ஜல்லிக்கட்டு. அவன் பேச வேண்டியது, ஜல்லிக்கட்டை எதிர்த்த விலங்குகள் நல வாரியத்துக்காக. "சார், எங்க வீட்லயே காளை நிக்குது. ஊருக்குள்ள எப்படி சார் தலைகாட்டுறது?" என்பான். "முதல்ல தீர்ப்பைப் படிப்பா" என்று, 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பைக் கொடுக்க வேண்டும். வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக வரும். முதல் தடவை படித்தால் கோபம்தான் வரும். மறுபடி படிக்கும்போது பென்சிலை எடுப்பான். இதில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை, நடப்பதை எப்படி நிறுத்தலாம் என்று ஓரத்தில் எழுதுவான். இனி எந்தக் கேள்வி வந்தாலும் அவனுக்குப் பதில் இருக்கும்.

நிஜ வழக்கின் போக்கும் இதுதான். 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் திரண்ட கூட்டம், ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவர வைத்தது. கோர்ட்டில் அது நிலைக்க, கூட்டம் மட்டும் போதவில்லை. காளைக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனை, திமிலை மட்டுமே பிடிக்கலாம், வாலையும் கொம்பையும் தொடக் கூடாது என்று விதிகள் வந்தன. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஜல்லிக்கட்டு பண்பாடா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டது. காளைகளின் வேதனையைச் சட்டமும் விதிகளும் பெருமளவு குறைத்திருக்கின்றன என்றது. எதிர்த்தரப்பு அடுக்கிய குறைகளுக்குப் பதிலாக எழுதிய விதிகளே வழக்கைத் தாங்கிப் பிடித்தன.

வரப்புத் தகராறோ, பாகப்பிரிவினையோ, ஆபீஸ் வாக்குவாதமோ, இன்றைக்கு யாரோடாவது மல்லுக்கட்ட நேர்ந்தால், முதலில் அவருடைய நியாயத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள். அவரே "ஆமாங்க, அதைத்தான் சொல்றேன்" என்று தலையாட்டும்படி சொல்லுங்கள். அப்புறம் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். அவரும் காதுகொடுத்துக் கேட்பார்.